பார்த்தேன், ஆனால் கவனிக்கவில்லை: ஓரப் பார்வை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவில் பக்கம் ஒரு கண் மருத்துவமனையில் நான் கண் பரிசோதகர். பார்வைப் பரப்பைச் சோதிக்கும் மெஷின் இருக்கிற இருட்டறை என் பொறுப்பு. அந்தச் சோதனையை எல்லோரும் ஃபீல்டு டெஸ்ட் என்றுதான் சொல்வார்கள். முடித்து எழுந்து வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரு கேள்வியோடுதான் எழுந்து வருகிறார்கள். அடுத்த ஆள் வெளியே காத்திருப்பதால் அங்கே அரையும் குறையுமாகத்தான் பதில் சொல்ல முடிகிறது. அந்தக் கேள்விகளையும், பைக் ஓட்டுகிறவர்கள், ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள், கடலுக்குப் போகிறவர்கள் கேட்டவற்றையும் சேர்த்து, இங்கே ஆற அமரப் பதில் எழுதியிருக்கிறேன்.

ஓரப் பார்வை என்று எதைச் சொல்கிறீர்கள்? அது எவ்வளவு தூரம் எட்டும்?

ஒரு புள்ளியை நேராகப் பார்த்துக்கொண்டு கண்ணை அசைக்காமல் இருந்தால், அந்தப் புள்ளியைச் சுற்றி மேலும் கீழும் பக்கத்திலும் தெரிவதெல்லாம் ஓரப் பார்வைதான். கடைக்கண்ணில் பட்டது, ஓரக்கண்ணால் பார்த்தேன் என்றெல்லாம் பேசுகிறோமே, அதேதான். ஒரு கண்ணுக்கு மூக்குப் பக்கம் சுமார் 60 டிகிரி, காதுப் பக்கம் 90 டிகிரிக்குக் கொஞ்சம் கூடுதல், மேலே 60, கீழே 70 என்று எட்டும். இரண்டு கண்ணும் சேர்ந்தால் இடமிருந்து வலம் கிட்டத்தட்ட ஒரு முழு அரை வட்டம்.

இவ்வளவு பரப்பிலும், எழுத்துப் படிக்கிற அளவுக்குத் தெளிவாகத் தெரியும் இடம் ரொம்பச் சின்னது. கையை முழுக்க நீட்டிக் கட்டைவிரலைத் தூக்கிப் பாருங்கள். அந்த நகம் மறைக்கிற அளவுதான், சுமார் 2 டிகிரி. விழித்திரையின் நடுவில் இருக்கும் மையக்குழியில், நிறத்தையும் நுணுக்கத்தையும் பார்க்கும் கூம்பு செல்கள் நெருக்கியடித்து இருப்பதால் அங்கே அவ்வளவு கூர்மை. மூளையும் நடுவுக்கே இடத்தை அள்ளிக் கொடுத்திருக்கிறது. பார்வையை முதலில் வாங்கிக்கொள்ளும் மூளைப் பகுதியில் ஏறக்குறைய பாதி, நடுப்புள்ளியிலிருந்து 10 டிகிரிக்குள் தெரிவதற்கே போய்விடுகிறது. மற்ற எல்லாம் மீதிப் பாதியில் அடங்கியாக வேண்டும்.

ஆனாலும் நமக்கு எதிரே எல்லாமே பளிச்சென்று தெரிவது போலத்தானே இருக்கிறது? கண் நொடிக்கு மூன்று தடவை போல இடம் மாறிக்கொண்டே இருப்பதுதான் காரணம். எந்த இடத்தில் சந்தேகம் வந்தாலும், சந்தேகம் வந்தது நமக்குத் தெரியும் முன்பே கண் அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறது.

அப்படியென்றால் ஓரத்தில் தெரிவது மங்கல்தானா? நிறம் தெரியாது என்கிறார்களே?

வீட்டில் ஒருவரை வைத்து இதைச் செய்து பாருங்கள். நீங்கள் சுவர்க் கடிகாரத்தின் நடுவைப் பார்த்துக்கொண்டு உட்காருங்கள். பின்னாலிருந்து அவர் ஏதோ ஒரு நிறப் பேனாவை, என்ன நிறம் என்று சொல்லாமல், உங்கள் காதுப் பக்கமாக மெதுவாக முன்னே கொண்டுவரட்டும். லேசாக ஆட்டிக்கொண்டே கொண்டுவரச் சொல்லுங்கள். முதலில் 'ஏதோ ஆடுது' என்பது மட்டும் தெரியும். இன்னும் முன்னே வந்த பிறகு நிறம் தெரியும். அது பேனாதான், ஸ்கேல் இல்லை என்று உறுதியாகச் சொல்ல அது ரொம்பவே நடுவுக்கு வர வேண்டியிருக்கும். நீங்கள் கண்ணைத் திருப்பிவிடாமல் இருக்க வேண்டும், அதுதான் இதில் சிரமம்.

இதிலிருந்து ஒன்று புரியும். ஓரப் பார்வை அசைவுக்கென்றே அமைந்தது. பழைய சோக்கு வைத்த டியூப்லைட் நேராகப் பார்த்தால் நின்று எரிவது போலவும் ஓரக்கண்ணில் துடிப்பது போலவும் தெரிவது அதனால்தான். ஓரத்தில் நிறமே தெரியாது என்பது சரியில்லை. சின்னப் பொருளின் நிறம், குறிப்பாகச் சிவப்பும் பச்சையும், சீக்கிரம் மங்கிவிடும். பெரிய பரப்பாக இருந்தால் ஓரத்திலும் நிறம் தெரியும்.

ஆனால் அந்த நிறத்தை நாம் உண்மையிலேயே கவனிக்கிறோமா என்பது வேறு கேள்வி. 2020-இல் அமெரிக்காவில் ஒரு சோதனை நடந்தது. தலையில் மாட்டும் வி.ஆர். கருவியில் ஊர் உலகமெல்லாம் காட்டினார்கள். பார்க்கிறவரின் கண் எங்கே போகிறதோ அந்த இடத்தைச் சுற்றி மட்டும் நிறத்தை வைத்துவிட்டு, ஓரத்தையெல்லாம் கறுப்பு வெள்ளை ஆக்கினார்கள். காட்சியில் 5 சதவீதத்துக்கும் குறைவான இடத்தில்தான் நிறம் என்ற நிலையிலும், ஏறக்குறைய மூன்றில் ஒருவர் எந்த வித்தியாசத்தையும் கவனிக்கவில்லை. நிறத்தை வாங்கக்கூடிய கண்தான், ஆனாலும் நிறம் போனது தெரியவில்லை.

ஓரத்தில் தனியாக இருக்கும் எழுத்து தெரிகிறது, சொல்லாக இருந்தால் குழம்புகிறது. பவர் கூடிவிட்டதா?

இல்லை. எல்லோருக்கும் அப்படித்தான். ஒரு தாளில் இடது பக்கம் ஒரு புள்ளி வையுங்கள். வலது பக்கம் கொஞ்சம் தள்ளி 'ழ' என்று மட்டும் எழுதுங்கள். அதற்குக் கீழே இன்னொரு புள்ளி வைத்து, அதே தூரத்தில் 'ழ' நடுவில் வருமாறு 'கழட' என்று எழுதுங்கள். புள்ளியைப் பார்த்தபடியே முதல் 'ழ'வைச் சொல்லிவிடலாம். இரண்டாவது, ஏதோ எழுத்துகள் கூடிக் கும்மியடிப்பது போல இருக்கும். இதை நெரிசல் விளைவு என்கிறார்கள். ஒரு பொருளுக்கும் பக்கத்துப் பொருளுக்கும் உள்ள இடைவெளி, அது பார்வை மையத்திலிருந்து இருக்கும் தூரத்தில் பாதிக்குக் குறைந்தால் குழப்பம் தொடங்கும் என்று 1970-இல் நெதர்லாந்து ஆய்வாளர் பூமா கணக்குச் சொன்னார். மார்த்தாண்டம் சந்தைப் பக்கம் ஒட்டி ஒட்டி நிற்கும் கடைப் பலகைகளில் நமக்கு வேண்டிய ஒன்றை ஓரக்கண்ணால் பிடிக்க முடியாததற்கு இது ஒரு காரணம்.

கண் எங்கே போகிறதோ அங்கேதானே கவனமும் போகும்?

பெரும்பாலும் போகும். ஆனால் போயே ஆக வேண்டும் என்று இல்லை. இதுதான் இந்தப் பக்கத்திலேயே எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஒரு இருட்டுப் பெட்டிக்குள் எழுத்துகள் நிறைந்த தாளை வைத்தார். நடுவில் ஒரு ஊசித் துளை வெளிச்சம். அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மின்பொறி ஒன்று விட்டு மறையும் நேரம் மட்டும் தாள் தெரியும், அதற்குள் கண்ணைத் திருப்ப நேரமே இல்லை. பொறி வரும் முன்பே, மேலே வலது மூலை என்று மனசுக்குள் ஒரு இடத்தை அவர் தீர்மானித்துக்கொள்வார். பொறி அடித்ததும் அந்த மூலையில் உள்ள எழுத்துகள் அவருக்குத் தெரிந்தன, மற்றவை தெரியவில்லை. கண் நடுத்துளையிலேயே இருக்க, கவனம் மட்டும் மூலைக்குப் போய் வந்திருக்கிறது.

1980-இல் அமெரிக்க உளவியலாளர் மைக்கேல் போஸ்னர் இதை அளந்தே காட்டினார். நடுப்புள்ளியைப் பார்த்திருப்பவருக்கு இந்தப் பக்கம் வெளிச்சம் வரலாம் என்று ஒரு குறிப்பு. அந்தப் பக்கமே வந்தால் பொத்தானைச் சீக்கிரம் அழுத்துகிறார்கள், மறுபக்கம் வந்தால் தாமதமாகிறது. கண் அசையவே இல்லை. 2004-இல் மரீசா கராஸ்கோவும் கூட இருந்தவர்களும் இன்னும் ஒரு படி போனார்கள். ஓரத்தில் ஒரே மாதிரி இரண்டு கோட்டுப் பட்டைகள் இருக்கும்போது, கவனம் போன பக்கத்துப் பட்டை மற்றதைவிட அழுத்தமாக, எடுப்பாகத் தெரிந்ததாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள். ஆக கவனம் என்பது வந்த காட்சியைப் பிறகு பொறுக்கி எடுக்கிற வேலை மட்டும் செய்யவில்லை, காட்சியின் தோற்றத்திலேயே கை வைக்கிறது.

நம்மூரில் இதைப் பார்க்க லேப் வேண்டாம். தோவாளையில் பூக்கட்டும் அக்காமார் பக்கத்தில் பத்து நிமிடம் உட்காருங்கள். எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டேதான் கட்டுவார்கள். பூக்குவியலும் விரலும் நாரும் பார்வையின் கீழ் ஓரத்தில் கிடக்கின்றன. இரண்டு இரண்டாகப் பூவை வைத்து நாரைச் சுற்றி இழுக்கும் கை நிற்பதே இல்லை. நடுவில் அழுகிய பிச்சி ஒன்று கையில் வந்தால், பேச்சு நிற்காது, கண்ணும் இறங்காது, விரல் அதை மட்டும் தள்ளிவிட்டு அடுத்ததை எடுக்கும். தொட்டுத் தெரிவதும் இதில் உண்டு என்பது சரிதான். ஆனாலும் பல வருடப் பழக்கத்தில் கவனத்தின் ஒரு பங்கு அந்தக் கீழ் ஓரத்திலேயே குடியிருப்பதை அங்கே பார்க்கலாம்.

கண் முன்னாலேயே இருந்தது, ஆனாலும் தெரியவில்லை என்று சொல்வதை நம்பலாமா?

நம்பலாம். எனக்கே நடந்தது.

சில வருடங்களுக்கு முன்பு, தூறல் விழும் ஒரு சாயங்காலம், ஸ்கூட்டரில் அழகியமண்டபம் சந்திப்புக்கு வந்துகொண்டிருந்தேன். மருந்துக்கடை ஒன்றைத் தேடினேன், பச்சை நிறக் கூட்டல் குறி போட்ட பலகை. இடது பக்கச் சரிவிலிருந்து ஒரு பையன் சைக்கிளில் இறங்கினான். போட்டிருந்தது ஆரஞ்சு நிற மழைக்கோட்டு. அதைவிடத் துலக்கமாக ஒருவர் ரோட்டில் வர முடியாது. கடைசி நேரத்தில்தான் பிரேக்கைப் பிடித்தேன். அவனுடைய முன் சக்கரம் என் வண்டியில் உரசி நின்றது. யாருக்கும் அடி இல்லை. அவன் கோபப்படவில்லை, ஆச்சரியமாகத்தான் கேட்டான்: "அக்கா, என்னையப் பாத்துட்டேதான வந்திய?" என் முகம் அவன் பக்கம்தான் இருந்திருக்கிறது. நான் தேடியது பச்சை. அவன் ஆரஞ்சு.

இதற்குக் கவனக் குருடு என்று பெயர் சொல்லலாம். 1999-இல் டேனியல் சைமன்ஸும் கிறிஸ்டோபர் சாப்ரிஸும் ஒரு வீடியோவைக் காட்டினார்கள். வெள்ளைச் சட்டைக்காரர்கள் ஒரு குழு, கறுப்புச் சட்டைக்காரர்கள் ஒரு குழு, இரண்டும் தனித்தனியாகப் பந்தைக் கைமாற்றுகின்றன. ஒரு குழு எத்தனை முறை மாற்றியது என்று எண்ண வேண்டும். நடுவே கொரில்லா வேடமிட்ட ஒருவர் நிதானமாக நடந்து போகிறார். பார்த்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் அதைக் காணவில்லை. கறுப்புச் சட்டைக் குழுவை எண்ணியவர்கள் கொரில்லாவை அதிகம் கண்டார்கள், அதுவும் கறுப்புதானே. எதைத் தேடுகிறோமோ அதன் சாயல் உள்ளதுதான் எளிதில் உள்ளே வருகிறது.

பழக்கம் உள்ளவர்கள் தப்பிவிடுவார்கள் என்றும் நினைக்க வேண்டாம். 2013-இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், நுரையீரல் ஸ்கேன் படத்தில் சின்னக் கட்டிகளைத் தேடச் சொல்லி 24 ரேடியாலஜி டாக்டர்களிடம் கொடுத்தார்கள். படத்தில் கட்டியைப்போல 48 மடங்கு பெரிய கொரில்லா உருவம் ஒன்றைச் செருகியிருந்தார்கள். 20 பேர் அதைக் காணவில்லை. கண் அசைவைப் பதிவு செய்ததில், அந்த 20 பேரில் 12 பேருடைய பார்வை நேராக அதன் மேலேயே விழுந்திருந்தது. நேர்ப் பார்வைக்கே இந்த நிலை என்றால் ஓரப் பார்வையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

வேகமாகப் போனால் பார்வை குறுகிவிடும் என்கிறார்களே, உண்மையா?

கண் எட்டும் பரப்பு குறையாது. ஃபீல்டு டெஸ்டில் 90 டிகிரி வந்தவருக்கு ரோட்டிலும் 90 டிகிரிதான். ஆனால் வேகம் கூடும்போது முன்னால் வருவதைச் சமாளிக்கவே கவனம் முழுக்கத் தேவைப்படுகிறது, ஓரத்துக்கு மிச்சமில்லை. அதோடு பக்கத்தில் இருப்பதெல்லாம் சரசரவென்று ஓடுவதால், அதில் ஒரு பையன் ஓடி வருவதும் தனியாகத் தெரியாது. நம் மாவட்டத்தில் வீடும் கடையும் ரோட்டோடு ஒட்டியே இருக்கின்றன, பத்தடிக்கு ஒரு சந்து இறங்குகிறது. வில்லுக்குறியிலிருந்து தக்கலை வழியாகக் குழித்துறை வரை இதே கதைதான். ஆபத்து எதிரே வருவதைவிட ஓரத்திலிருந்து வருவதே இங்கே அதிகம் என்பது என் எண்ணம்.

இன்னொன்றும் உண்டு. பஸ்ஸையும் காரையும் எதிர்பார்த்துப் பார்க்கும் ஓட்டுநர், பைக்கைப் பார்த்தும் விட்டுவிடுவார். 2007-இல் நடந்த சோதனையில், மஞ்சள் அம்புக்குறியைத் தேடி ஓட்டச் சொன்னால் நீலப் பைக் குறுக்கே வந்தபோதும், நீல அம்பைத் தேடச் சொன்னால் மஞ்சள் பைக் வந்தபோதும் மோதியவர்கள், தேடிய நிறமும் பைக்கின் நிறமும் ஒன்றாக இருந்தபோது மோதியவர்களைவிடப் பல மடங்கு அதிகம். நிஜ ரோடு இல்லை, திரையில் ஓட்டும் வண்டிதான். என் மழைக்கோட்டுப் பையனை நினைத்துக்கொண்டுதான் நான் அந்த ஆய்வைப் படித்தேன்.

அதனால் சந்திப்பில் நிற்கும்போது "வண்டி வருதா" என்று கேட்டுக்கொள்ளாதீர்கள். "பைக் வருதா, சைக்கிள் வருதா, ஆள் வருதா" என்று தனித்தனியாக மனசுக்குள் கேட்டுக்கொண்டு பாருங்கள். அசட்டுத்தனமாகத் தோன்றும். எனக்குப் பழகிவிட்டது.

ஹெல்மெட் ஓரப் பார்வையை மறைக்குமா?

பெரிதாக இல்லை. தலையைக் கொஞ்சம் கூடுதலாகத் திருப்பினால் சரியாகிவிடும். கீறல் விழுந்த கண்ணாடிதான் உண்மையில் தொந்தரவு, அதை மாற்றுங்கள்.

போனைக் கையில் எடுக்காமல் ப்ளூடூத்தில் பேசினால் பரவாயில்லையா?

கை சும்மா இருக்கிறது, அவ்வளவுதான். யூட்டா பல்கலைக்கழகத்தில் டேவிட் ஸ்ட்ரேயரின் குழு, ஓட்டுநர் பயிற்சிக்கான திரை வண்டியில் ஆட்களை ஓட்ட வைத்துப் பார்த்தது. கையில் பிடிக்காத போனில் பேசிக்கொண்டு ஓட்டியவர்கள், வழியில் தாங்கள் நேராகப் பார்த்த விளம்பரப் பலகைகளையே பிறகு அடையாளம் சொல்வதில் பின்தங்கினார்கள். கண் பலகையில் இருந்தது, கவனம் பேச்சில் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து வருகிறவரோடு பேசுவது இதைவிட மேல். அவருக்கும் ரோடு தெரிகிறது, நெருக்கடி வந்தால் அவரே பேச்சை நிறுத்திவிடுவார். போனில் இருக்கும் மச்சானுக்கு அது தெரியாது. 60 கிலோமீட்டர் வேகத்தில் 2 நொடி போனைக் குனிந்து பார்த்தால் வண்டி 33 மீட்டர் போயிருக்கும். மூன்று பஸ்ஸை வரிசையாக நிறுத்திய நீளம் அது.

விடியும் முன் பால் வெட்டப் போகிறோம். நெற்றி விளக்கின் வெளிச்சத்துக்கு வெளியே ஒன்றுமே தெரிவதில்லை, என்ன செய்ய?

இதைக் கேட்டவர் குலசேகரம் பக்கத்துக்காரர். இங்கே இரண்டு விஷயம் ஒன்றாகச் சேர்ந்துகொள்கின்றன. பட்டையில் கத்தி ஓடும்போது உள்ளே தடியில் படக் கூடாது, ஒரு மில்லிமீட்டர் தவறினாலும் மரத்துக்குக் காயம். கவனம் முழுக்க அந்தக் கோட்டில்தான் இருக்கும், இருக்கவும் வேண்டும். இரண்டாவது, மங்கலில் பார்க்க உதவும் குச்சி செல்கள் இருட்டுக்கு முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் வேண்டும். வெள்ளை எல்.இ.டி. வெளிச்சம் பட்டையில் பட்டு முகத்துக்குத் திரும்பும்போது அந்தப் பழக்கம் அப்படியே கலைந்துவிடுகிறது. வெளிச்ச வட்டத்துக்கு வெளியே உள்ள இருட்டு, உள்ளதைவிடக் கறுப்பாகத் தெரிகிறது. அசையாமல் சுருண்டு கிடக்கும் விரியன் ஓரப் பார்வையில் சிக்கவே சிக்காது, அசைந்தால்தான் ஓரத்துக்குத் தெரியும் என்று மேலே சொன்னேனே.

ஆகவே ஓரக்கண்ணை நம்ப வேண்டாம். ஒரு மரத்தில் சிரட்டையை வைத்துவிட்டு அடுத்த மரத்துக்குக் காலை எடுத்து வைக்கும் முன், நின்று தலையைத் திருப்பி விளக்கை நடக்கப்போகும் தரை மேல் ஓட்டிப் பாருங்கள். விளக்கின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க முடியுமென்றால் குறைத்தே வையுங்கள். முழங்கால் வரை காலணி. இதோடு ஒன்று: கூட வருகிறவர்களுக்குத் தெரியும் மங்கல் வெளிச்சத்தில் உங்களுக்கு மட்டும் தட்டுத் தடுமாறுகிறது என்றால் அது கவனக் குறைவு இல்லை. மாலைக்கண்ணா என்று பரிசோதிக்க வேண்டும்.

கடலில் தூரத்து விளக்கை நேராகப் பார்த்தால் மறைகிறது, கொஞ்சம் தள்ளிப் பார்த்தால் தெரிகிறது. பிரமையா?

கண்ணின் அமைப்பே அப்படி. மையக்குழியின் நடுவில் குச்சி செல்களே கிடையாது. அவை அடர்த்தியாக இருப்பது நடுவிலிருந்து சுமார் 20 டிகிரி தள்ளி. ரொம்ப மங்கலான ஒளிக்கு நடுப் பார்வை குருடு, ஓரம்தான் கண். நட்சத்திரம் பார்ப்பவர்கள் வேண்டுமென்றே சற்றுத் தள்ளிப் பார்க்கிற வழக்கம் இதனால்தான்.

குளச்சலில் வள்ளத்தில் போகும் பெரியவர் ஒருவர் கண்ணாடிக்கு அளவு கொடுக்க வந்தபோது சொன்னார்: "கடல மொறச்சுப் பாத்தா ஒண்ணும் கிட்டாது மக்களே. சும்மா பார்வைய விரிச்சுப் போட்டிருக்கணும். பறவ கூட்டம் தானா வந்து கண்ணுல விழும்." வலை விரிப்பது போல அவர் சொன்னது எனக்கு மறக்கவில்லை. அதில் அறிவியலும் இருக்கிறது. ஒரே புள்ளியை அசையாமல் வெறித்தால் ஓரத்தில் அசையாமல் இருப்பவை கொஞ்சம் கொஞ்சமாக மங்கி மறைந்துவிடும் என்று 1804-இலேயே சுவிட்சர்லாந்து டாக்டர் டிராக்ஸ்லர் எழுதியிருக்கிறார். அந்திக்கருக்கலில் முட்டம் பாறையில் உட்கார்ந்து ஒரு விளக்கையே வெறித்துப் பாருங்கள், சுற்றியுள்ள பாறை விளிம்புகள் கரைவது தெரியும். கண்ணை இமைத்தால் திரும்பி வந்துவிடும்.

மண்டைக்காடு கோயில் கொடைத் திருவிழாக் கூட்டத்தில் பிள்ளையைத் தவறவிட்டால் எப்படித் தேடுவது?

முகத்தைத் தேடாதீர்கள், நிறத்தைத் தேடுங்கள். ஒரு நிறத்தின் மேல் கவனம் வைத்தால் அது பார்வைப் பரப்பு முழுவதிலும் வேலை செய்கிறது, நாம் பார்க்காத ஓரத்திலும்கூட. மஞ்சள் சட்டை என்று மனசில் வைத்துக்கொண்டால் ஓரத்தில் உள்ள மஞ்சள்கள் தாமாகவே கண்ணை இழுக்கும். முகம் அப்படி இழுக்காது, நெரிசலில் கலைந்துவிடும். ஆனால் நிறம் தவறாக நினைவிருந்தால் பிள்ளை பக்கத்தில் நின்றாலும் தெரியாது. அதனால் வீட்டிலிருந்து கிளம்பும்போதே பிள்ளைகளை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அன்றைக்குப் போட்டிருக்கும் சட்டையோடு. சட்டை நல்ல எடுப்பான ஒரே நிறமாக இருக்கட்டும்.

கன்னியாகுமரியில் சூரிய உதயம் பார்க்கும்போதும் இது பொருந்தும். எல்லார் கண்ணும் அடிவானத்தில், இல்லையென்றால் போன் திரையில் இருக்கும். காலடியில் அலை ஏறுவதும் பிள்ளை பாறைக்கு நகர்வதும் பார்வைக்குள்தான் நடக்கின்றன, கவனத்துக்குள் இல்லை. ஒருவர் உதயம் பார்க்கட்டும், ஒருவர் பிள்ளையைப் பார்க்கட்டும். மாறி மாறிப் பார்த்துக்கொள்ளலாம்.

ஃபீல்டு டெஸ்டில் பாதி லைட் எனக்குத் தெரியவில்லை. பார்வை போய்விட்டதா?

பயப்படாதீர்கள். அந்த மெஷின் உங்களால் எவ்வளவு மங்கலான ஒளியைப் பார்க்க முடியும் என்று தேடுகிறது. அதற்காகத் தெரியாத அளவு மங்கலாகவும் காட்டிப் பார்க்கும். நல்ல கண் உள்ளவருக்கும் பாதி போலத் தெரியாமல்தான் போகும்.

வெளியே இதைப் பொறுமையாகச் சொல்ல முடியாமல் போகிறதே என்பதுதான் என் வருத்தம், அதனால் இங்கே முழுசாக. ஒரு கண்ணை மூடிவிட்டு, தாடையைத் தாங்கியில் வைத்து, வெள்ளைக் கிண்ணம் போன்ற உட்புறத்தைப் பார்ப்பீர்கள். நடுவில் ஒரு விளக்கு. அதை மட்டுமே பார்க்க வேண்டும். ஓரத்தில் பொட்டுப் பொட்டாக ஒளி வரும், தெரிந்தால் பொத்தானை அழுத்த வேண்டும். ஓரத்தில் வரும் என்று தெரிந்ததும் கண் தேடிப் போகத் துடிக்கும். மெஷின் அதைப் பிடிக்க ஒரு வழி வைத்திருக்கிறது. கண் நரம்பு வெளியேறும் இடத்தில் ஒளி வாங்கும் செல்களே இல்லை, அதுதான் குருட்டுப் புள்ளி, பார்வை மையத்திலிருந்து காதுப் பக்கமாக சுமார் 15 டிகிரியில் இருக்கிறது. அங்கே அவ்வப்போது ஒரு ஒளி போடும். நீங்கள் நடுவைப் பார்த்திருந்தால் அது தெரியவே கூடாது. அழுத்தினால், கண் நகர்ந்துவிட்டது என்று எழுதிக்கொள்ளும்.

அந்தப் புள்ளியை வீட்டிலும் காணலாம். தாளில் 8 சென்டிமீட்டர் இடைவெளியில் இடது பக்கம் ஒரு கூட்டல் குறி, வலது பக்கம் ஒரு பொட்டு. இடது கண்ணை மூடி, வலது கண்ணால் கூட்டலைப் பார்த்தபடி தாளை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். சுமார் 30 சென்டிமீட்டரில் பொட்டு காணாமல் போகும். அந்த இடம் கறுப்பாகத் தெரியாது, வெறும் வெள்ளைத் தாளாகத் தெரியும். மூளை நிரப்பிவிடுகிறது.

முதல் தடவை எடுக்கும் டெஸ்ட் பலருக்கும் சுமாராகத்தான் வரும். தூக்கக் கலக்கம், பதற்றம், 'தப்பு பண்ணிட்டோமோ' என்ற யோசனை, எல்லாமே கவனத்தைத் தின்றுவிடும். அதனால்தான் திரும்ப வரச் சொல்கிறோம், காசுக்காக இல்லை. நடுவில் களைத்தால் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு எங்களைக் கூப்பிடுங்கள், நிறுத்தி ஓய்வெடுக்கலாம்.

பக்கத்தில் வருவது தெரியாமல் இடித்துக்கொள்கிறேன். கவனக் குறைவா, நோயா?

இதைத் தெரிந்துகொள்ளத்தான் இவ்வளவும் எழுதினேன் என்றாலும் சரிதான். கவனக் குறைவு என்றால் நேரத்துக்கு நேரம் மாறும், பக்கமும் மாறும், யோசனையில்லாத நேரத்தில் சரியாக இருக்கும். எப்போதும் ஒரே பக்கம் இடிக்கிறது, படி இறங்கும்போது கீழ்ப்படி தவறுகிறது, சாப்பாட்டு மேசையில் ஒரே பக்கத்து டம்ளரைத் தட்டிவிடுகிறீர்கள் என்றால் கண்ணைக் காட்டுங்கள்.

கண் நீர் அழுத்த நோய், அதாவது கிளாக்கோமா, ஓரப் பார்வையிலிருந்துதான் பெரும்பாலும் தின்னத் தொடங்கும். வலி இருக்காது. போன இடம் கறுப்பாகவும் தெரியாது, மேலே பொட்டு மறைந்தது போலத்தான். ஒரு கண் விட்டதை இன்னொரு கண் ஈடு கட்டும். தமிழ்நாட்டில் நடந்த கணக்கெடுப்புகளில் இந்த நோய் இருந்தவர்களில் 10 பேரில் 9 பேருக்கு மேல் அதுவரை அது தெரியாமலே இருந்தது. போன பார்வை திரும்பி வராது, மிச்சத்தைக் காப்பாற்றலாம். 40 வயது தாண்டியவர்கள், அப்பா அம்மா கூடப்பிறந்தவர்கள் யாருக்காவது இருந்தவர்கள், சர்க்கரை உள்ளவர்கள் முறையாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். கண் சிவந்தால் கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்தை மாதக்கணக்கில் விடுகிறார்கள், அது அழுத்தத்தை ஏற்றிவிடும். தயவுசெய்து டாக்டர் சொல்லாமல் விடாதீர்கள்.

திடீரென்று ஓரத்தில் மின்னல் வெட்டுவது, பூச்சி பறப்பது போல நிறையப் புள்ளிகள், ஒரு பக்கமிருந்து திரை இறங்குவது: இவை வந்தால் விழித்திரை கிழிந்திருக்கலாம். அன்றைக்கே போங்கள்.

ஒரு கண் மட்டும் உள்ளவர் எவ்வளவு இழக்கிறார்?

பலர் நினைப்பது போலப் பாதி இல்லை. அந்தப் பக்கத்து ஓரத்தில் சுமார் 30 டிகிரிதான், ஆழம் கணிப்பதிலும் சிரமம் வரும். தலையைத் திருப்பிப் பழகுவது நல்ல உதவி.

ஓரப் பார்வையைப் பயிற்சியால் கூட்ட முடியுமா?

கண் எட்டும் தூரத்தைக் கூட்ட முடியாது. எட்டும் இடத்தில் கவனம் வைப்பதைப் பழக்கலாம். 2003-இல் ஷான் கிரீனும் டாஃப்னே பாவெலியேயும், வேகமான சண்டை வீடியோ கேம் ஆடுகிறவர்கள் ஓரத்தில் தோன்றி மறைவதை மற்றவர்களைவிட நன்றாகப் பிடிப்பதைக் காட்டினார்கள். பிறவியிலேயே காது கேளாதவர்கள் ஓரத்து அசைவைக் கவனிப்பதில் கெட்டிக்காரர்கள் என்பதையும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. காது செய்யும் காவல் வேலையையும் அவர்களுக்குக் கண் செய்ய வேண்டியிருக்கிறதே. பிள்ளைகளிடம் போனைக் கொடுக்க நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வெளியே ஓடிப் பந்தாடட்டும்.

பக்கவாதம் வந்த அப்பா இலையில் ஒரு பக்கத்தை மட்டும் சாப்பிடுகிறார். கண் டாக்டர் கண்ணில் கோளாறு இல்லை என்கிறார். ஏன்?

மூளையின் வலது பக்கம் அடிபட்டவர்களில் பலருக்கு இடது பக்க உலகத்தின் மேல் கவனமே போவதில்லை. கண் வாங்குகிறது, கவனம் அதைத் தொடுவதில்லை. இலையின் இடது பக்கத்து உப்பும் ஊறுகாயும் தோரனும் அப்படியே கிடக்கும். வலது பக்கம் துடைத்து வைத்தது போல இருக்கும். இன்னும் பசிக்கிறது என்பார். இடது கன்னத்தில் சவரம் விட்டுப் போகும்.

இது கண்ணைப் பற்றியது இல்லை என்று 1978-இல் இத்தாலியில் எடுப்பாகக் காட்டினார்கள். மிலான் நகரத்தில் பேராலயத்தின் முன்னால் பெரிய சதுக்கம் ஒன்று உண்டு. இந்தப் பாதிப்பு உள்ள உள்ளூர்க்காரர்களிடம், ஆலயத்தைப் பார்த்து நிற்பதாக நினைத்துக்கொண்டு சுற்றியிருப்பதைச் சொல்லச் சொன்னார்கள். வலது பக்கக் கட்டடங்களைச் சொன்னார்கள், இடது விடுபட்டது. பிறகு ஆலயத்தின் படியில் நின்று எதிர்ப்பக்கம் பார்ப்பதாக நினைக்கச் சொன்னார்கள். இப்போது முதலில் விட்டதையெல்லாம் சொன்னார்கள், முதலில் சொன்னவை விடுபட்டன. கண்ணை மூடி நினைத்துப் பார்ப்பதிலேயே இடது பக்கம் இல்லை.

அப்பாவிடம் கோபப்படாதீர்கள், அவர் வேண்டுமென்று செய்யவில்லை. இலையைத் திருப்பிப் போட்டால் மிச்சத்தைச் சாப்பிட்டுவிடுவார், ஆனால் தினமும் நீங்களே திருப்பினால் அவர் பழக மாட்டார். மேசையின் இடது விளிம்பில் அகலமாகச் சிவப்பு டேப் ஒட்டுங்கள். சாப்பிட உட்கார்ந்ததும் "சிவப்பு தெரியுதா அப்பா?" என்று கேளுங்கள். அது தெரியும்வரை தலையைத் திருப்பச் சொல்லுங்கள். வீட்டில் யாராவது அவருடைய இடது பக்கமாக உட்கார்ந்து பேசுங்கள். முதல் மாதங்களில் நிறைய மாற்றம் வரும், அதனால் பிசியோதெரபியை இடையில் நிறுத்திவிடாமல் கூட்டிப் போங்கள்.